கார்த்திகை முடியும் வரை

எங்கள் பள்ளி ஆசிரியர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. நான் ஓய்வு பெற்ற பிறகும் என்னை அதிலிருந்து நீக்கவில்லை. மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். காலையில் பூங்கொத்தோடு ஒரு வணக்கம், யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக் படம், இவ்வளவுதான் அதில் வரும். போன மாதம் ஊரில் காய்ச்சல் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. உடனே ஓர் இளம் ஆசிரியை எழுதியிருந்தார்: "கொரோனா நேரத்தில் கிறிஸ்துமஸுக்கு முன்பே பள்ளியை மூடலாமா என்று இங்கே பெரிய சண்டையே நடந்ததாமே? இப்போதும் அப்படி மூடினால் என்ன? பி.டி. சார் அனுபவத்தைச் சொல்லட்டும்." அதற்குக் கீழே நாலு பேர் கை தட்டுகிற பொம்மை போட்டிருந்தார்கள்.

கை தட்டுகிற சங்கதியா அது? எனக்கு வந்த கோபத்தில் ஏதோ தட்டச்சு செய்தேன், பிறகு அழித்துவிட்டேன். பாவம், அந்தப் பெண் மீது தப்பில்லை. அவர் வேலையில் சேர்ந்தது எல்லாம் முடிந்த பிறகு. நடந்தது தெரிந்தவர்களில் பாதிப் பேர் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள், மீதிப் பேருக்குப் பாதிதான் தெரியும். முழுதாகத் தெரிந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் இல்லை. அதனால் நான்தான் எழுத வேண்டும். பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

நான் உடற்கல்வி ஆசிரியர், அவர்கள் சொல்கிற பி.டி. சார். குள்ளஞ்சாவடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் பிறந்து, கபடி ஆடி முட்டியை உடைத்துக்கொண்டு, படித்து, நெய்வேலி நகரியத்துப் பள்ளி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றேன். என் தொண்டைக்குத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று சக ஆசிரியர்கள் கிண்டல் செய்வார்கள். மைக் இல்லாமலே காலை வணக்கக் கூட்டத்தை நடத்திவிடுவேன். விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தது பாதி வேலைதான். மழை வந்தால் கணக்கு வாத்தியார் என் பீரியடைப் பிடுங்கிக்கொள்வார். வெயில் வந்தால் ஆங்கில ஆசிரியை பிடுங்கிக்கொள்வார். மீதி நேரத்தில் ஒழுங்கு, வரிசை, கேட் எல்லாம் என் தலையில்.

இன்னொரு வேலையும் இருந்தது, அதுதான் இந்தக் கதைக்கு முக்கியம். பத்தாம் வகுப்புப் பிள்ளை யாராவது இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வரவில்லை என்றால் நான் பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய்விடுவேன். நகரியத்தில் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் என்றால் சிரமமில்லை. ஆனால் எங்களிடம் பாதிப் பேர் சுற்றுப்பட்டுக் கிராமத்திலிருந்து வருபவர்கள். அப்பா சுரங்கத்தில் காண்ட்ராக்ட், அம்மா பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிற ஷெட்டில். நான் தெருவில் பைக்கை நிறுத்திவிட்டு வாசலில் நின்று "ஏம்ப்பா, புள்ள எங்க?" என்று கேட்டால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அந்த வெட்கத்துக்குப் பயந்தே மறுநாள் பிள்ளையை அனுப்பிவிடுவார்கள். "பி.டி. சார் வந்துடுவாரு" என்பது அந்த ஊர்களில் ஒரு மிரட்டல். பள்ளி நடக்கிற நாளில்தான் அந்த மிரட்டல் செல்லும். பள்ளி மூடிக் கிடந்தால் நான் எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

எங்கள் தலைமை ஆசிரியை எஸ்தர் மேடம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், திருமணம் செய்துகொள்ளவில்லை. அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆசிரியர் கூட்டம் என்றால் வயதில் சின்னவரிடமிருந்து கருத்துக் கேட்கத் தொடங்குவார். பெரியவர்கள் முதலில் பேசிவிட்டால் சின்னவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள் என்பார். எல்லோரும் பேசி முடித்ததும் "சரி, நாளைக்குச் சொல்றேன்" என்று எழுந்துவிடுவார். அன்றைக்கே ஒரு நாளும் முடிவு சொன்னதில்லை. மறுநாள் முதல் மணி அடிப்பதற்குள் சொல்லிவிடுவார். சொன்னபின் மாற்ற மாட்டார். கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதைதான் கூடும். "வாங்க மாஸ்டர், உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று அவர் கேட்டால் நான் செய்த தப்பு என்னவென்று யோசிக்க ஆரம்பித்துவிடுவேன்.

கொரோனா வந்து பள்ளி நீண்ட நாள் மூடிக் கிடந்தது எல்லோருக்கும் தெரியும். அந்த மூடலில் நாங்கள் ஒரு பெண்ணை இழந்தோம். செத்துப்போகவில்லை. ஒன்பதாம் வகுப்பு, கோ-கோவில் மாவட்ட அளவில் ஆடியவள். அவளுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள் என்று காதில் விழுந்ததும் எஸ்தர் மேடம் முறைப்படி அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னார். அவர்களும் வந்தார்கள், அப்பனைக் கூப்பிட்டு எச்சரித்தார்கள், எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் குடும்பம் பெண்ணை வேறு மாவட்டத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குக் கூட்டிப் போய் அங்கேயே தாலி கட்டி முடித்துவிட்டது. பள்ளி திறந்த பிறகு நான் தேடிக்கொண்டு போனேன். வாசலில் உட்கார்ந்து முந்திரிப் பருப்பில் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். வயிறு தெரிந்தது. "வாங்க சார், டீ குடிக்கிறீங்களா?" என்று சிரித்தபடி எழுந்தாள். என்னால் உட்கார முடியவில்லை. பைக்கைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். மேடத்திடம் வந்து சொன்னேன். அன்று முழுக்க அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை.

இரண்டாம் அலை ஓய்ந்து பள்ளி திறந்த வருடம். வகுப்பைப் பாதியாகப் பிரித்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரச் சொன்னோம். விளையாட்டுக்குத் தடை, அதனால் என்னைக் கேட்டில் நிறுத்தினார்கள். நூறு மீட்டர் ஓட்டத்துக்குக் கோடு போட்ட சுண்ணாம்பை எடுத்துக் கேட்டிலிருந்து சாலை வரை வட்டம் வட்டமாகப் போட்டேன். வட்டத்துக்கு ஒரு பிள்ளை. முதலில் மாஸ்க் மூக்குக்கு மேல் இருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு கையில் மருந்து ஊற்றுவேன். பிறகு காய்ச்சல் பார்க்கிற அந்தத் துப்பாக்கி. நெற்றியில் வைத்தால் சின்னப் பிள்ளைகள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நடுங்கும், அதனால் மணிக்கட்டில் வைத்தேன். காய்ச்சல் காட்டினால் விளையாட்டு அறையில் உட்கார வைப்போம். பந்து, வலை, ஈட்டி எல்லாவற்றையும் மூலையில் ஒதுக்கிவிட்டு நாலு பெஞ்ச் போட்டிருந்தோம்.

கொஞ்ச நாளில் ஒரு தந்திரத்தைக் கண்டுபிடித்தேன். அப்பாவுக்குக் காலை ஷிப்ட், அம்மாவுக்கு ஷெட் வேலை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. விடியற்காலை ஒரு மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கேட்டில் துப்பாக்கி ஒன்றும் காட்டாது. பதினோரு மணி வாக்கில் மாத்திரை வேகம் இறங்கியதும் பிள்ளை மேசையில் தலையைச் சாய்க்கும். அதனால் இடைவேளை முடிந்ததும் வகுப்பு வகுப்பாகப் போய் இரண்டாம் முறை பார்ப்பதை வழக்கமாக்கினேன். "என்னடா, காலைல மாத்திரை போட்டியா?" என்றால் "இல்ல சார்" என்று எல்லாப் பயல்களும் ஒரே மாதிரி பொய் சொல்வான்கள். திட்டவும் முடியாது. வீட்டில் சொல்லி அனுப்பிய பொய் அது.

நவம்பர் முழுக்க மழை லீவில் போயிற்று. டிசம்பர் பிறந்ததும் புதுவகைக் கொரோனா வருகிறது என்று டிவியில் அலறத் தொடங்கினார்கள். எங்கள் பள்ளியில் முதலில் ஏழாம் வகுப்பில் ஒரு பையன், அப்புறம் அவன் அக்கா, பிறகு ஓர் ஆசிரியையின் கணவர். "இந்த வருஷம் சீக்கிரம் மூடிடலாம், கிறிஸ்துமஸ் வரைக்கும் எதுக்கு இழுக்கணும்?" என்று பேச்சு கிளம்பிவிட்டது. நிர்வாகத்தில் கேட்டதற்கு, "உங்க இஷ்டம் மேடம். ஆனா ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்பு" என்று போனை வைத்துவிட்டார்கள். அப்படிச் சொல்பவர்களுக்கு என்றைக்கும் சௌகரியம்தான்.

கூட்டம் நடக்கவிருந்த அன்று காலை, எல்லாப் பிள்ளைகளும் உள்ளே போன பிறகு ஓர் அம்மா கேட்டில் நின்றார். பத்தாம் வகுப்பு மலரின் அம்மா. முந்திரி ஓட்டின் பால் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது, ஷெட் வேலைக்காரர் என்று அதை வைத்தே தெரிந்தது.

"சார், பள்ளிக்கூடத்த மூடப் போறீங்களாமே, நெசமா?"

"யாரும்மா சொன்னா?"

"வேன்காரரு சொல்லிகினு இருந்தாரு. மூடிடாதீங்க சார், ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. காலையிலிருந்து வந்த அம்மாக்கள் எல்லோரும் மூடச் சொல்லித்தான் சண்டை போட்டார்கள். "ஏம்மா, வூட்ல புள்ள தொல்லை தாங்கலியா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். அப்புறம் துண்டு துண்டாகச் சொன்னார்.

மலருடைய அப்பாவின் அக்கா மகன் குவைத்திலிருந்து வந்திருக்கிறான். பொங்கலுக்கு முன்பே திரும்பிப் போக வேண்டும், டிக்கெட் போட்டாயிற்று. அவனுக்கு மலரைக் கேட்கிறார்கள். அவளுக்குப் பதினைந்து முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

"அவங்கப்பா கெட்டவரு இல்ல சார். அந்த ரெண்டாவது தபா வந்துச்சே, அப்ப ஆஸ்பத்திரில ஆக்சிஜன் வச்சிகினு கெடந்தாரு. பக்கத்துக் கட்டில்ல கெடந்தவரு இவரு கண்ணு முன்னாடியே போயிட்டாரு. அதுலேருந்து ஒரே பயம். நான் போயிட்டா பொண்ண யாரு பாக்குறது, இருக்கறப்பவே ஒருத்தன் கையில குடுத்துடணும்னு அதையே சொல்லிகினு இருக்காரு."

"பொண்ணு என்ன சொல்லுது?"

"படிக்கணும்னு அழுவுது. பள்ளிக்கூடம் நடக்குற வரைக்கும் கல்யாணப் பேச்சு இல்லடின்னு அவ தலையில அடிச்சி சத்தியம் பண்ணியிருக்காரு சார், அத மீற மாட்டாரு. ஆனா மூடிட்டீங்கன்னா வச்சிக்குங்க, சும்மா வூட்ல குந்திகினு இருக்கற பொண்ணுக்கு என்ன படிப்புன்னு அவங்கக்கா வந்து நிப்பாங்க. கார்த்திகையில கடைசி முகூர்த்தம் ஒண்ணு கெடக்குது. அதத் தாண்டிட்டா மார்கழி. மார்கழில யாரு தாலி கட்டுவா? தை பொறக்கறதுக்குள்ள அவன் போயிடுவான்."

அதிகாரிகளிடம் சொல்லலாமே என்றேன். அவர் என் காலில் விழப் போய்விட்டார். "போலீசு கீலீசுன்னு வந்தா அன்னிக்கே பொண்ண வேற ஊருக்குக் கூட்டிகினு போயிடுவாங்க சார். நான் வந்து சொன்னது தெரிஞ்சா என்னியும் வூட்ல வைக்க மாட்டாங்க. யாருகிட்டயும் எம் பொண்ணு பேரச் சொல்லாதீங்க." வாசலில் முந்திரி உரித்துக்கொண்டிருந்த அந்த முகம் எனக்கு ஞாபகம் வந்தது. நான் நேராக மேடத்தின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "மார்கழி என்னிக்குப் பொறக்குது மாஸ்டர்?" அவருக்குத் தெரியாது, பாவம். எனக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை. சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைத் திருப்பிப் பார்த்தோம். கிறிஸ்துமஸுக்கு ஒன்பது பத்து நாள் முன்பாக வந்தது. அது வரைக்கும் பத்தாம் வகுப்பு நடக்க வேண்டும்.

கூட்டத்தில் வழக்கம் போலச் சின்னவர்களிலிருந்து தொடங்கினார். பெரும்பாலோர் மூடச் சொன்னார்கள். ஒருவர் மட்டும், "மூடினா எல்லாரும் பெட்டியத் தூக்கிகிட்டு சொந்த ஊருக்குக் கெளம்பிடுவாங்க மேடம். நெய்வேலில எந்த ஜில்லாக்காரன் இல்ல? பஸ்சுல ரயில்ல ஏறி எல்லா ஊருக்கும் நோயத் தூக்கிட்டுப் போவோம்" என்றார். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது.

சபாபதி சாரின் முறை வந்தது. கணக்கு ஆசிரியர். என்னைவிட ஆறேழு வயது சின்னவர். சர்க்கரையும் அதோடு சிறுநீரகத்தில் கோளாறும் இருந்தது. தடுப்பூசி இரண்டும் போட்டிருந்தும், காய்ச்சல் எதுவும் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி மருத்துவர் எச்சரித்திருந்தார். அவர் எழுந்து நின்றுதான் பேசினார்.

"மேடம், கிறிஸ்துமஸுக்கு எப்படியும் மூடத்தான் போறோம். அத ரெண்டு வாரம் முன்னாடி மூடினா குடி முழுகிடாது. அந்த ரெண்டு வாரத்துல நான் சொல்லிக்குடுக்கற கணக்க ஜனவரில சொல்லிக்குடுத்துட்டுப் போறேன். பாடத்த அப்புறம் நடத்தலாம். ஆளு போனா வருமா?"

"மாஸ்டர், நீங்க?" என்றார் மேடம் என்னைப் பார்த்து.

"மூட வேணாம் மேடம்" என்றேன். காரணம் சொல்ல முடியவில்லை. சபாபதிக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"ஒங்களுக்கென்ன சார்! நீங்க கேட்ல காத்தோட்டமா நிக்கிறீங்க. நான் நாலு செவுத்துக்குள்ள இருவது புள்ளைங்க மூச்ச இழுத்துகிட்டு நிக்கிறேன். வாங்க, ஒரு நாள் நீங்க நின்னு அல்ஜீப்ரா நடத்துங்க!"

சிலர் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது, ஆனால் அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. யாரோ பின்னாலிருந்து, "மேடம் பண்டிகைக்கு ஊருக்குப் போகணும்ல, அவங்களே மூடிடுவாங்க" என்று முணுமுணுத்தார்கள். மேடத்துக்கும் கேட்டிருக்கும். அவருடைய அம்மா ஊரில் படுத்த படுக்கையாக இருந்தார். ஒரு வாரம் தனியாக இருந்து, தொற்று இல்லை என்று உறுதி செய்துகொண்டு அம்மாவைப் பார்க்கப் போகலாம் என்பது அவருடைய கணக்கு. சீக்கிரம் மூடினால் அவருக்கும்தான் நல்லது. "சரி, நாளைக்குச் சொல்றேன்" என்று எழுந்துவிட்டார்.

மாலையில் என்னையும் சபாபதியையும் விளையாட்டு அறைக்கு வரச் சொன்னார். ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு, சபாபதியைத் தள்ளி உட்கார வைத்து, பெண்ணின் பெயரைச் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னார். பத்தாம் வகுப்பு நடக்க வேண்டும் என்றால் கணக்கு ஆசிரியர் வேண்டும். அவர் உடம்பு இருக்கிற நிலையில் காரணத்தைச் சொல்லாமல் வரச் சொல்வது பாவம் என்று மேடம் நினைத்தார். "நீங்க முடியாதுன்னா முடியாதுதான் சார். நான் வேற வழி பாக்குறேன். ஒங்க மேல எனக்கு எந்த வருத்தமும் வராது" என்றார்.

சபாபதி, "எந்தப் பொண்ணு மேடம்?" என்றார்.

"அத மட்டும் கேக்காதீங்க சார்."

"சரி, வேணாம். தெரிஞ்சா அந்தப் புள்ளயத் திட்ட மனசு வராது. திட்டாம கணக்கு ஏறாது." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "சின்னக் கிளாசெல்லாம் நாளைக்கே மூடிடுங்க. பத்தாவதுக்கு மட்டும் மார்கழி பொறக்கற வரைக்கும் தெனமும் பரீட்சை வைங்க. பரீட்சைன்னாத்தான் வூட்ல பயப்படுவாங்க. ஆனா கிளாஸ் ரூம் வேணாம். காலைக் கூட்ட மேடையில ஒக்கார வச்சிடலாம், மேல கூரை இருக்குது, மூணு பக்கமும் காத்து. வூட்ல கலாகிட்ட நான் ஏதாச்சும் சொல்லிக்கறேன். நெசத்தச் சொன்னா அவ என்ன வாசப்படி தாண்ட வுட மாட்டா."

மறுநாள் மேடம் முடிவை அறிவித்தார். சபாபதி சொன்ன அதே முடிவு. பத்தாம் வகுப்பை மட்டும் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டவர்களுக்கு, "அது என் முடிவு" என்றார். ரிசல்ட் பைத்தியம் என்று பெற்றோரில் சிலர் வாய்விட்டே பேசினார்கள். நானே கேட்டேன். அவர்களோடு சண்டைக்குப் போக என் நாக்குத் துடித்தது. மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார், அடங்கிவிட்டேன்.

மேடையில் பரீட்சை நடந்தது. காற்று தாளைத் தூக்கிக்கொண்டு போகும், ஆளுக்கொரு கல்லைக் கொடுத்திருந்தோம். சபாபதி இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு ஒரு தூண் ஓரமாக நின்று கணக்கைச் சொல்வார். தவறான விடைக்கு அவர் கத்துவது கேட் வரைக்கும் கேட்கும். நான் காலையில் ஒருமுறை, பதினோரு மணிக்கு ஒருமுறை எல்லோரையும் பார்த்தேன். மலரை நான் தனியாகப் பார்த்தேன் என்று தெரியாமல் இருக்க எல்லோரையும் ஒரே மாதிரி அதட்டினேன்.

கடைசி முகூர்த்த நாள் வந்தது. அன்று காலை வட்டங்களில் பிள்ளைகள் நின்றார்கள், மலருடைய வட்டம் காலியாக இருந்தது. முதல் மணி அடித்தாயிற்று. அவள் வரவில்லை. சாலையில் கல்யாண வேன் ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. யாருடைய கல்யாணமோ, நான் கேட்டைத் தாண்டிச் சாலைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சபாபதி மேடையை விட்டு இறங்கிக் கேட்டுக்கே வந்துவிட்டார். "யாரு சார் வரல?" என்றார். காலி வட்டத்தைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், புரிந்துகொண்டார். "மலரா?" என்று மட்டும் கேட்டார். "பரீட்சைய அர மணி தள்ளி வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றார், என் பக்கத்தில்.

கடைசியில் ஒரு பழைய டிவிஎஸ்ஸில் மலரின் அப்பா வந்தார். பின்னால் அவள். முகமெல்லாம் மஞ்சள் பூசிக் கழுவிய மாதிரி இருந்தது, கண் வீங்கியிருந்தது. வண்டியை அணைக்காமலே அந்த மனிதர் என்னைப் பார்த்துக் கத்தினார்.

"எங்க வூட்ல நல்ல காரியம் நின்னு போச்சு சார். எங்க அக்கா மண்ண வாரித் தூத்திட்டுப் போவுது. பரீட்சையாம், பெரிய பரீட்சை! எழுதட்டும், கலெக்டராவட்டும்!" அப்புறம் அவருக்கே குரல் உடைந்துவிட்டது. "புள்ளைக்கு வாக்குக் குடுத்துட்டேன், என்னா பண்ணச் சொல்றீங்க?" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

சபாபதி மலரிடம், "ஏன் லேட்டு? போ, போய் ஒக்காரு, மொத கணக்கு கட்டாயக் கேள்வி" என்று அதட்டினார். அவள் ஓடினாள். அவர் மாஸ்க்குக்கு மேலே கண்ணைத் துடைத்துக்கொண்டார். சர்க்கரை ஏறினால் கண்ணில் நீர் வரும் என்று என்னிடம் ஒரு பொய் சொன்னார்.

மார்கழி பிறந்தது. பள்ளியை மூடினோம். அதற்கு அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ சபாபதிக்குக் காய்ச்சல். எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. மேடையில் வந்திருக்கலாம். கேட்டில் என் பக்கத்தில் நின்றபோது வந்திருக்கலாம். சந்தையில், மருந்துக் கடையில், எங்கும் வந்திருக்கலாம். நான் ஆயிரம் தடவை யோசித்துவிட்டேன். ஆனால் அவர் வீட்டுக்குள்ளேயே இருந்திருந்தால் வந்திருக்காது என்று ஒருவர் சொன்னால் அதை நான் மறுக்க மாட்டேன். இங்கே பார்த்துவிட்டுப் புதுச்சேரிக்குக் கொண்டு போனார்கள். சிறுநீரகம் கைவிட்டது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் போய்விட்டார்.

எஸ்தர் மேடம் அந்தப் பண்டிகைக்கு ஊருக்குப் போகவில்லை. அம்மாவையும் போய்ப் பார்க்கவில்லை. சாவுச் செய்தியை நான் போனில் சொன்னபோது அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து வைக்கப் போனேன். "இருக்கேன் மாஸ்டர்" என்றார். அவ்வளவுதான்.

பள்ளி மறுபடி திறந்த பிறகு சபாபதியின் மனைவி கலாவதி, அவருடைய பொருள்களை எடுத்துப் போக வந்தார். மேடம் எழுந்து நின்றார். கலாவதி உட்காரவில்லை.

"அவரு மொதல்லயே மூடச் சொன்னாராமே மேடம்? கூட்டத்துல எழுந்து நின்னு சொன்னாராமே? எல்லாரும் சொல்றாங்க. அப்புறமும் ஏன் மூடல?"

"என் முடிவும்மா."

"ஒங்க ரிசல்ட்டுக்கு என் வூட்டுக்காரரா கெடைச்சாரு?"

எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, அது வந்து..." என்று ஆரம்பித்தேன். "மாஸ்டர், அம்மாவுக்குத் தண்ணி கொண்டாங்க" என்றார் மேடம், மிக மரியாதையாக. நான் வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது கலாவதி இல்லை. மேடம் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். "இப்பச் சொன்னா அந்தப் பொண்ணு பேரு வெளிய வரும். ஒரு சாவு அவ தலையில ஏறும். அவளுக்குப் பதினஞ்சு வயசு. அவ படிச்சு முடிக்கட்டும்" என்றார். அந்த வருடக் கடைசியில் நானும் ஓய்வு பெற்றேன், அதற்கடுத்த வருடம் அவரும் ஓய்வு பெற்றார். ரிசல்ட்டுக்காக ஓர் ஆசிரியரைக் கொன்றவர் என்ற பேரோடுதான் போனார். வழியனுப்பு விழாவுக்குப் பாதிப் பேர் வரவில்லை. நான் அன்றைக்கு மேடையில் ஏறிப் பேசினேன், ஆனால் எதைப் பேச வேண்டுமோ அதைப் பேசவில்லை.

மலர் பத்தாவது தேறினாள். பிறகு வெளியூரில் டிப்ளமோ படித்தாள், இப்போது ஓசூர்ப் பக்கம் வேலை. பதினெட்டும் தாண்டிவிட்டாள். இந்த வாட்ஸ்அப் கேள்வி வந்த பிறகு நான் மேடத்துக்குப் போன் செய்தேன். கலாவதியிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "சொல்லுங்க மாஸ்டர். எனக்காக இல்ல. அவரு ஏமாந்து போகல, தெரிஞ்சேதான் வந்தாருன்னு அவங்களுக்குத் தெரியணும். பொண்ணு பேரு மட்டும் வேணாம்" என்றார்.

கலாவதி இப்போது பண்ருட்டியில் அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிறார். திருவதிகைக்குப் போகிற வழியில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். காபி கொடுத்தார். சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன்: அந்த அம்மா கேட்டில் அழுதது, விளையாட்டு அறையில் பேசியது, மேடை அவருடைய யோசனை என்பது, முகூர்த்த நாளில் பரீட்சையைத் தள்ளி வைத்துவிட்டு அவர் என் பக்கத்தில் வந்து நின்றது.

"எங்கிட்ட, பரீட்சை டூட்டி, போகலன்னா சம்பளத்தப் புடிப்பாங்கன்னு சொன்னாரு" என்றார் கடைசியில்.

"ஒங்களுக்குச் சொன்னா வுட மாட்டீங்கன்னாரும்மா."

"வுட்டிருக்க மாட்டேன்தான்." "அந்தப் பொண்ணு இப்ப என்ன பண்ணுது?"

"வேலைக்குப் போவுதும்மா. கல்யாணம் இன்னும் ஆகல. நல்லா இருக்குது."

"நல்லா இருக்கட்டும்" என்றார். மனதாரத்தான் சொன்னார், அது எனக்குத் தெரிந்தது. காலி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போகத் திரும்பியவர், கதவருகில் நின்றார்.

"நல்லா இருக்கட்டும் சார். ஆனா நீங்க மூடியிருக்கலாம்."